ஸ்பிரிங் பூட் 3: ரிஃப்ரெஷ் செய்தால் 404, பழைய /**/ மேப்பிங்கும் ஓடவில்லை

கயல்_டெவ்:
ரியாக்ட் ஃபிரன்ட்எண்ட் பில்டை ஸ்பிரிங் பூட்டின் (ஜாவா சர்வர் ஃபிரேம்வொர்க்) ஸ்டேட்டிக் ஃபோல்டரில் போட்டு ஒரே ஜார் ஃபைலாக ஓட்டுகிறோம். லிங்க்கைத் தட்டினால் /ஆர்டர்ஸ்/42 திறக்கிறது. அங்கேயே ரிஃப்ரெஷ் செய்தால் 404. பூட் 2.5-இல் /**/ என்று தொடங்கி, புள்ளி இல்லாத கடைசித் துண்டைப் பிடித்து இன்டெக்ஸுக்கு (index.html) ஃபார்வர்ட் செய்யும் கன்ட்ரோலர் இருந்தது. 3.2-இல் அது இருந்தால் ஆப் ஸ்டார்ட்டே ஆகவில்லை. ஒவ்வொரு ஆழத்துக்கும் தனி மேப்பிங் எழுதித்தான் ஆக வேண்டுமா?

நள்ளிரவு_பில்ட்:
வேண்டாம். 2.6 முதல், யூஆர்எல்லை மேப்பிங்குடன் பொருத்திப் பார்க்கும் வேலைக்குப் பாத்பேட்டர்ன்பார்சர்தான் டிஃபால்ட்; உங்கள் பதிப்பில் அது ** குறியைக் கடைசியில் மட்டுமே ஏற்கும். பிராப்பர்ட்டியில் பழைய ஆன்ட் மேட்சருக்குத் திரும்பலாம், ஆனால் அது தலைவலியைத் தள்ளிப்போடுவதுதான்.

கன்ட்ரோலரை எடுத்துவிட்டு, /** என்ற ரிசோர்ஸ் ஹேண்ட்லரில் (ஸ்டேட்டிக் ஃபைல்களைத் தரும் பகுதி) பாத்ரிசோர்ஸ்ரிசால்வரை எக்ஸ்டெண்ட் செய்து கெட்ரிசோர்ஸ் மெத்தடை ஓவர்ரைடு செய்யுங்கள். முதலில் சூப்பரை (மூல மெத்தடை) அழையுங்கள். ஃபைல் அனுமதித்த ஃபோல்டருக்குள் இருக்கிறதா என்ற சோதனை அங்கேதான் நடக்கிறது. நல் (null, அதாவது ஃபைல் இல்லை) வந்தால், பாத் "ஏபிஐ/" என்று தொடங்குகிறதா, கடைசித் துண்டில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்த null-ஐயே திருப்புங்கள், இல்லையென்றால் இன்டெக்ஸ். இங்கே வரும் பாத்தில் முன் ஸ்லாஷ் இருக்காது, "/ஏபிஐ/" என்று ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்தாது.

தறி_நூல்:
அந்த ஹேண்ட்லரின் ரிசோர்ஸ்செயினுக்கு ஃபால்ஸ் (கேஷ் வேண்டாம்) கொடுங்கள். ட்ரூ என்றால் /ஆர்டர்ஸ்/1, /ஆர்டர்ஸ்/2 என்று வரும் ஒவ்வொரு பாத்தும் கேஷில் தனி என்ட்ரி ஆகும். டிஃபால்ட் கேஷுக்கு உச்சவரம்பு கிடையாது. மெமரி ஏறிக்கொண்டே போகும்.

404 எரர் பேஜையே இன்டெக்ஸாக வைக்கும் குறுக்குவழியும் சுற்றுகிறது. ஏபிஐயின் உண்மையான 404-க்கும் எச்டிஎம்எல் போய்விடும் என்பதால் தொடாதீர்கள்.

கயல்_டெவ்:
404 போய்விட்டது. ஆனால் /ஆர்டர்ஸ்/42 ரிஃப்ரெஷில் வெள்ளைப் பக்கம், முகப்பு மட்டும் சரி. நெட்வொர்க் டேபில் /ஆர்டர்ஸ்/அசெட்ஸ்/ என்று தொடங்கும் ஜேஎஸ் ஃபைலுக்கு 404.

நள்ளிரவு_பில்ட்:
வீட் (Vite, ரியாக்டை பில்ட் செய்யும் கருவி) கான்ஃபிகில் பேஸ் "./" என்று இருக்கும். "/" ஆக்கி மறுபடி பில்ட் செய்யுங்கள். கான்டெக்ஸ்ட் பாத் (ஆப்பின் எல்லா யூஆர்எல்லுக்கும் முன்னால் வரும் பகுதி) வைத்திருந்தால் அதையே பேஸாகக் கொடுக்க வேண்டும். புள்ளிச் சோதனை இருப்பதால்தான் இது 404 ஆகத் தெரிகிறது. இல்லாவிட்டால் ஜேஎஸ் கேட்ட இடத்தில் எச்டிஎம்எல் வந்து, கன்சோலில் மைம் டைப் (ஃபைல் வகை) பொருந்தவில்லை என்ற புரியாத எரர்தான் மிஞ்சும்.

தறி_நூல்:
யூசர்நேம் போலப் புள்ளி வரும் ரூட்டுகள் இருந்தால் அந்தச் சோதனை அவற்றையும் தடுக்கும். அப்போது புள்ளிக்குப் பதில் "அசெட்ஸ்/" தொடக்கத்தைப் பாருங்கள். இன்னொன்று: பூட் 3-க்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் 6-இல் கடைசி ஸ்லாஷ் தானாகப் பொருந்தாது. ஃபிரன்ட்எண்டில் யாராவது /ஏபிஐ/ஆர்டர்ஸ்/ என்று அழைத்தால் 404தான் வரும், அவற்றையும் தேடித் திருத்துங்கள்.