நீதித்துறைக்கு மாநில அரசின் செலவு: பட்ஜெட் புத்தகத்தில் எங்கே, எப்படிப் பார்ப்பது?

சட்டமாணவி:
தமிழ்நாடு அரசு நீதிமன்றங்களுக்கும் குற்றவியல் நீதி அமைப்புக்கும் மொத்தம் எவ்வளவு செலவழிக்கிறது என்று ஒரு கட்டுரைக்காகத் தேடுகிறேன். மானியக் கோரிக்கை (ஒரு துறையின் செலவுக்குச் சட்டமன்றத்திடம் அரசு கேட்கும் தொகை) எண் 3, நீதி நிருவாகம். அதன் கூட்டுத்தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? நீதிமன்றக் கட்டடச் செலவை அதில் காணோம். சில வரிகளில் வெறும் '1' என்று மட்டும் இருக்கிறது, அச்சுப்பிழையா? உயர் நீதிமன்றத்துக்கு மட்டும் 'சார்த்தப்பட்டது' என்று தனியாகப் போட்டிருப்பது ஏன்?

கருவூலத்தான்:
எடுக்கக் கூடாது. கோரிக்கை எண்ணை விட்டுவிட்டுக் கணக்குத் தலைப்பைப் பிடியுங்கள். கோரிக்கை எண் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெருந்தலைப்பும் (நான்கு இலக்க எண்) அதன் கீழுள்ள சிறுதலைப்பும் (மூன்று இலக்க எண்) நாடு முழுக்க ஒன்றுதான், அதனால் நாளைக்குக் கேரளத்தோடு ஒப்பிட்டாலும் உதவும்.

2014 நீதி நிருவாகம். அதற்குள் 102 உயர் நீதிமன்றம், 105 உரிமையியல் மற்றும் அமர்வு நீதிமன்றங்கள், 108 குற்றவியல் நீதிமன்றங்கள், 114 அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள், 117 குடும்ப நீதிமன்றங்கள். காவல் 2055 (இங்கே கோரிக்கை 22), சிறை 2056 (கோரிக்கை 24). தடய அறிவியல் காவலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும்: 2055-116.

கட்டடம் பொதுப்பணித் துறையின் கோரிக்கை 39-இல், 4059 என்ற மூலதனத் தலைப்பில் வரும். நீதிபதிகள் குடியிருப்புக்கு 4216. மாவட்ட நீதிமன்றங்களில் ஓய்வுபெற்றவர்களின் ஓய்வூதியம் 2071, அது கோரிக்கை 50. இவை எதுவும் 3-இன் கூட்டுத்தொகையில் இல்லை.

'1' அச்சுப்பிழை இல்லை. விரிவான மானியக் கோரிக்கை நூலில் எல்லாத் தொகையும் ஆயிரம் ரூபாயில். அந்த 1 என்பது ₹1,000, அடையாளத் தொகை. தலைப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பணம் இன்னும் வரவில்லை என்று பொருள். 'புதிய திட்டம் அறிவிப்பு' என்று செய்தி வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இன்னொன்று. நீதிமன்றக் கட்டணமும் அபராதமும் நீதிமன்றத்துக்கே திரும்பிப் போவதாகப் பலர் எழுதுகிறார்கள். போகாது. முத்திரையாகச் செலுத்தும் நீதிமன்றக் கட்டணம் 0030-இலும் அபராதம் 0070-இலும் அரசின் பொது வரவாகச் சேர்ந்துவிடும்.

ரிட்_மனு:
சார்த்தப்பட்டது பற்றி மட்டும். உயர் நீதிமன்ற நிருவாகச் செலவு அரசமைப்பின் 229(3) படியும், நீதிபதிகளின் சம்பளம் 202(3) படியும் மாநிலத் தொகுநிதியின் (அரசின் வரவெல்லாம் சேரும் முதன்மை நிதி) மீது சார்த்தப்பட்டவை. சட்டமன்றத்தில் விவாதிக்கலாம், வாக்கெடுப்பு கிடையாது (203(1)). நீதிபதிகளின் ஓய்வூதியத்தை இந்தியத் தொகுநிதி ஏற்கும். மாவட்ட, சார்பு, முன்சீப், நடுவர் நீதிமன்றங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவை வாக்களிப்புக்கு உட்பட்டவை, ஆகவே நிதித்துறையின் வெட்டுக்கும் உட்பட்டவை. மக்கள் நடமாட்டம் முழுக்க இங்கேதான் என்பது வேறு விஷயம்.

ஃபைல்_நகர்த்தி:
மேலே சொன்னது எங்கே பார்ப்பது என்பதற்குச் சரி. அட்டவணையில் எந்தப் பத்தியை (நெடுவரிசையை) பார்ப்பது என்பதில்தான் பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குகின்றன. 2025-26 புத்தகத்தில் நான்கு பத்திகள்: 2023-24 கணக்கு, 2024-25 மதிப்பீடு, 2024-25 திருத்த மதிப்பீடு, 2025-26 மதிப்பீடு. உண்மையில் செலவானது முதல் பத்தி மட்டுமே. மற்றவை ஆசையும் கணிப்பும். ஒதுக்கீட்டுக்கும் செலவுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், தலைமைக் கணக்குத் தணிக்கையரின் ஒதுக்கீட்டுக் கணக்கு நூலில் அந்தக் கோரிக்கையைத் திறந்து, மிச்சத்துக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். அடிக்கடி கண்ணில் படுவது 'பணியிடங்கள் நிரப்பப்படாமை'. சம்பளம் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்குப் போடப்படுகிறது, ஆள் வரவில்லை, செலவாகாத தொகை மார்ச்சில் நிதித்துறைக்கு ஒப்படைப்பு. அதைச் சிக்கனம் என்று எண்ணிவிடாதீர்கள்.

புதிய நீதிமன்றம் ஒன்று எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது புரியும். உயர் நீதிமன்றப் பதிவாளரிடமிருந்து முன்மொழிவு உள்துறையின் நீதிமன்றப் பிரிவுக்கு, அங்கிருந்து நிதித்துறைக்கு. இணைப்பில் நீதிபதி மட்டுமா? சிரஸ்தார், பெஞ்ச் கிளார்க், சுருக்கெழுத்தர், தட்டச்சர், அமீனா, அலுவலக உதவியாளர், இரவுக் காவலர், தளவாடத்துக்கு ஒருமுறைச் செலவு, வாடகை. இதற்குள் ஏ.பி.பி. (உதவி அரசு வழக்கறிஞர்) பணியிடம் வராது, அதற்கு வேறு கோப்பு. இரண்டு கோப்பும் ஒரே வேகத்தில் நகராது. திறப்பு விழா முடிந்தும் அரசுத் தரப்பில் நிரந்தர ஆள் இல்லாமல், பக்கத்து நீதிமன்றத்து ஏ.பி.பி. கூடுதல் பொறுப்பில் ஓடி ஓடி வருவது இதனால்தான்.

கட்டடத்தில் சிக்கல் வேறு மாதிரி. நிலம் வருவாய்த் துறையிடமிருந்து கைக்கு வராமலே நிருவாக ஒப்புதல் வாங்கிவிடுவார்கள். நிலம் வருவதற்குள் விலை விகிதப் பட்டியல் மாறிவிடும், திருத்திய ஒப்புதலுக்கு மறுபடி முதலிலிருந்து. நீதித்துறைக் கட்டமைப்புக்கான மத்திய நிதியுதவித் திட்டத்தில் (1993-94 முதல் நடப்பது) தமிழ்நாட்டுக்குப் பங்கு 60:40 (மத்திய அரசு 60, மாநிலம் 40). முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்று போகாமல் அடுத்தது வராது.

சட்டமாணவி:
நன்றி, பெரிய உதவி. குற்ற வழக்குப் பக்கம் மட்டும் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால்? 2055 முழுவதையும் சேர்த்தால் மற்றதெல்லாம் அதில் மூழ்கிப்போகிறதே.

கருவூலத்தான்:
மூழ்கத்தான் செய்யும். காவல் மொத்தத்தில் போக்குவரத்தும் பந்தோபஸ்தும் அடக்கம். அதனால் வழக்கு எங்கே தேங்குகிறதோ அந்த வரிகளைத் தனியாக எடுங்கள். முதலில் 2055-116. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 176(3) படி, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும். சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, இந்தப் பிரிவை அமலாக்கும் நாளை அறிவிக்க மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். அறிவித்தபின் ஆய்வகத்தில் ஆளும் வண்டியும் கூடவில்லை என்றால் அறிக்கை தாமதமாகும், வாய்தா கூடும், விசாரணைக் கைதி உள்ளேயே இருப்பார், செலவு 2056-இன் உணவு வரியில் ஏறும். நாடு முழுக்கச் சிறையில் இருப்பவர்களில் 2022 கணக்குப்படி 75 சதவீதத்துக்கு மேல் விசாரணைக் கைதிகள். கைதிகளை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகும் வழிக்காவல் ஆயுதப்படையின் செலவு, தனி வரியாகக் கிடைக்காது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ரிட்_மனு:
போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள்) விரைவு நீதிமன்றங்கள் 2019 முதல், பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியோடு 60:40-இல் நடக்கின்றன, அவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 11-ஆவது நிதிக்குழுவின் விரைவு நீதிமன்றங்களுக்கு மத்திய உதவி 2011 மார்ச்சோடு நின்றது. தொடர விரும்பிய மாநிலங்கள் முழுச் சுமையையும் தாங்களே ஏற்க வேண்டியிருந்தது. ஆகவே மத்தியப் பங்கைக் கூட்டுத்தொகைக்குள் கலக்காமல் தனிப் பத்தியில் போடுங்கள்.