டபள்கெப் முன் சில்லுல ‘ஊ…’ண்டு சத்தம், ஒரு பக்கம் பெயாரிங் மாத்தியும் நிக்கல, உதவுங்க

வெல்லாவெளிப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். வாகனம் டொயோட்டா ஹைலக்ஸ், எல்.என். 106, 2.8 டீசல், முன்னுக்கு முழு அச்சு (ரெண்டு சில்லையும் சேக்கிற ஒரே அச்சு), கையால கிறுக்கிற ஃப்ரீவீல் ஹப் (முன் சில்ல அச்சோட பூட்டுற, விடுற சாமான்). அப்பா வட்டைக்கு (வயலுக்கு) போகவர எடுத்தது, இப்ப நான்தான் ஓடுறன். மாரிக்குள்ள கிட்டங்கித் தாம்போதியால தண்ணி பாயக்குள்ள ரெண்டு மூணு தரம் இறக்கி ஓடிட்டன் (ஏசாதீங்க, பசளை ஏத்தணும், வேற வழி இல்ல), தண்ணி ஹப்புக்கு மேல நிண்டிச்சு. வெள்ளம் வத்தி ஒரு மாசத்தால 50ல போகக்குள்ள ‘ஊ…’ண்டு ஒரு இரைச்சல், 60, 70 எண்டு கூட்டக்கூட்ட கருவண்டு இரையிற மாதிரி வருது, கிளச்ச அமத்தி நியூட்ரல்ல விட்டாலும் நிக்குதில்ல. எனக்கு வலப்பக்கம் கேக்கிற மாதிரி இரிந்திச்சு, கராஜ் ஒண்டுல காட்டினன், அவங்களும் வலதுதான் எண்டு உள்ளுக்கும் வெளியயும் ரெண்டு பெயாரிங்கும் மாத்தித் தந்தாங்க. காசு போன மிச்சம், சத்தம் அப்பிடியே இரிக்கி. மறுகா போய்க் கேட்டா “அப்ப டிஃபரன்சல் போல” எண்டுறாங்க (அச்சுக்கு நடுவில இரிக்கிற பல்லுப் பெட்டி). அதக் கழட்ட முதல் நானே என்னத்தப் பாக்கலாம்?

செங்கலடி ரைவர்:
தம்பி டயரப் பாத்தீங்களா? மட் டயர் எண்டா அரைவாசி தேஞ்ச பிறகு இப்பிடித்தான் கத்தும். உள்ளங்கைய டயர்ல வச்சு முன்னுக்கும் பின்னுக்கும் தடவிப் பாருங்க, ஒரு பக்கம் வழவழ எண்டும் மத்தப் பக்கம் அரம் மாதிரியும் இரிந்தா டயர்தான். முன் ரெண்டையும் பின்னுக்கு மாத்திப் போட்டு ஓடுங்க, சத்தமும் பின்னுக்குப் போனா ஒரு சதம் செலவில்லாம விசயம் முடிஞ்சிது. நான் இத விளங்காம பெயாரிங் வாங்கின ஆள்.

காரைதீவுச் சந்தி:
டிஃபரன்சல் எண்டு சொன்னா உடன நம்பாதீங்க ப்ரோ. ஹப் ரெண்டையும் ஃப்ரீயில போட்டுட்டு ஓடுங்க. ஃப்ரீயில முன் அச்சு, டிஃபரன்சல், முன் ஷாஃப்ட் ஒண்டும் சுத்தாது. அப்பவும் சத்தம் அதே மாதிரி வந்தா டிஃபரன்சலுக்குச் சம்பந்தமே இல்ல.

கல்முனை பாஸ்:
ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றாங்க தம்பி, அதச் செஞ்சிட்டு இதையும் செய்ங்க. விடியக்காலையில ஆள் அரவம் இல்லாத நேரான றோட்டுல 60ல போய்க்கு ஸ்டியரிங்க மெல்ல வலத்துக்கும் இடத்துக்கும் ஆட்டுங்க. வலத்துக்குக் கிறுகக்குள்ள பாரம் இடச் சில்லுலதான் விழும், இடத்துக்குக் கிறுகினா வலச் சில்லுல. எந்தப் பக்கம் பாரம் ஏறக்குள்ள சத்தம் கூடுதோ அந்தப் பக்கத்துப் பெயாரிங்கத்தான் சந்தேகப்படணும். காத நம்பாதீங்க. முழு அச்சு வாகனத்துல சத்தம் அச்சாலயும் ஸ்பிரிங் பிளேட்டாலயும் ஏறி சேஸிக்குள்ள பூந்து எங்கயோ ஒரு மூலையில வெளிய வரும், ரைவருக்கு எப்பவும் தன்ட காலடியிலதான் கேக்கும். ‘வலதுதான்’ எண்டு வாறவங்க கொஞ்சப் பேர் இல்ல, ரைவர் சீட் வலப்பக்கம் இரிக்கிறதால.

மறுகா ஜக் அடிச்சு ஸ்டாண்ட் வச்சிட்டு (வெறும் ஜக்குல வேணாம், மணல் தரை), சில்லுக்கு மேல ஒரு கை கீழ ஒரு கை வச்சு ஆட்டுங்க. ‘டக் டக்’ எண்டு ஆட்டம் இரிந்தா ஒராளப் பிறேக்க மிதிச்சுப் புடிக்கச் சொல்லுங்க. பிறேக் புடிச்ச உடன ஆட்டம் நிண்டா பெயாரிங். புடிச்சும் ஆடினா கிங்பின் (சில்லு திரும்புற மூட்டு) பக்கம். ரெண்டு பக்கவாட்டுலயும் கை வச்சு ஆட்டினா ஆடுதெண்டா ஸ்டியரிங் றொட் மூட்டுகளப் பாருங்க, அது வேற கத. கடைசியா ஒண்டு, பிறேக்க மிச்சம் தொடாம ஒரு 15 கிலோமீட்டர் ஓடிட்டு ரெண்டு ஹப்புலயும் புறங்கைய வச்சு எது சூடு எண்டு பாத்துச் சொல்லுங்க.

வெல்லாவெளிப் பொடியன்:
காக்கா, எல்லாம் செஞ்சன், இப்ப முன்னத்த விட மிச்சம் குழப்பம். டயர மாத்திப் போட்டும் சத்தம் முன்னுக்குத்தான். ஃப்ரீயிலயும் லொக்குலயும் ஒரே சத்தம் (அப்ப டிஃபரன்சல் தப்பிச்சு, காரைதீவு அண்ணனுக்கு நன்றி). மண்டூர் றோட்டுல விடிய அஞ்சரைக்கு ஆட்டிப் பாத்தன், வலத்துக்குக் கிறுகினா சத்தம் கூடுது, இடத்துக்குக் கிறுகினா இல்லாத மாதிரி. இடச் சில்லுல மெல்லிய ‘டக்’ இரிக்கி, தங்கச்சி பிறேக் மிதிச்சா நிக்குது. சரி இடதுதான் எண்டு பாத்தா, ஓடிட்டு வந்து தொட்டுப் பாக்கக்குள்ள இடது வெதுவெதுப்பு, வலதுல கை வைக்க ஏலாது, சுட்டுட்டு. புதுப் பெயாரிங் போட்ட பக்கம் என்னத்துக்குச் சுடுது?

கல்முனை பாஸ்:
உங்களுக்கு ஒரு வருத்தம் இல்ல தம்பி, ரெண்டு வருத்தம். சத்தம் இடது. சூடு வலது, அது பூட்டின ஆக்கள்ட வேல, நட்ட இறுக்கிக் கட்டிட்டாங்க. இப்பிடியே ஓடினா கிறீஸ் உருகி புதுப் பெயாரிங்கும் நீலம் பாஞ்சிரும். முதல்ல பிறேக் ஒட்டிப் புடிக்குதா எண்டு பாருங்க, ஜக்குல தூக்கினா சில்லு கையால லேசா சுத்தணும். பிறேக் சும்மா இரிந்தா நட்டுத்தான்.

அந்த ஹப் நட்டுக்கு 54 மில்லிமீட்டர் சொக்கட் வேணும். நிறையப் பேர்ட்ட அது இல்ல, உளியையும் சுத்தியலையும் வச்சு அடிப்பாங்க, அப்ப என்ன அளவு இறுக்கம் எண்டு யாருக்குத் தெரியும்? முறை என்னெண்டா, உள் நட்ட 59 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, ஹப்ப ரெண்டு பக்கமும் நல்லாச் சுத்தி பெயாரிங்க இருத்தி, மறுகா கையால கழட்டுற அளவுக்கு இளக்கி, திரும்ப மெதுவா இறுக்கணும். எவ்வளவு எண்டு பாக்க மீன்காரங்க வச்சிரிக்கிற சுருள் தராசு போதும், சில்லு போல்ட்டுல கொழுவி இழுத்தா ஹப் சுத்தத் தொடங்கிறது 3 கிலோவுக்கும் அஞ்சரைக்கும் இடையில இரிக்கணும். அதுக்குப் பிறகு லொக் வாஷர், வெளி நட்டு, வாஷர்ட நாக்குல ஒண்ட உள்ளுக்கும் ஒண்ட வெளியயும் மடிக்கணும்.

இடப்பக்கத்தக் கழட்டினா ஃப்ரீவீல் ஹப்புல ஆறு நட்டு, அதுக்குள்ள கோன் வாஷர் ஆறு, அது இறுகிப் போய் இரிக்கும், பித்தளத் துண்டு வச்சு சுத்தித் தட்டினா துள்ளி வரும், இரும்பால நேர அடிச்சு புரிய உடைக்காதீங்க. பெயாரிங்க மாத்தினா கப்பையும் (ரோலர் ஓடுற வெளி வளையம்) மாத்தணும், பழைய கப்புல புது ரோலர் ஓட விடாதீங்க. புதுக் கப்ப இருத்த பழைய கப்பயே மேல வச்சு அடிக்கலாம்.

வெல்லாவெளிப் பொடியன்:
ஞாயிற்றுக்கிழம முழுக்க அதுதான் வேல, சொக்கட் களுவாஞ்சிக்குடியில ஒரு கூட்டாளிட்ட இரவல். இடப்பக்கத்தத் திறந்தா கிறீஸ் பால் தேத்தண்ணி நிறத்துல வழியுது. வெளிப் பெயாரிங் பரவாயில்ல, உள்ளுக்க இரிக்கிறதுட கப்புல அம்மத் தழும்பு மாதிரி குழி குழி, ரோலர்லயும் அப்பிடித்தான். ஒயில் சீல்ட உதடு கிழிஞ்சிரிக்கி, கிட்டங்கித் தண்ணி அதாலதான் போயிரிக்கும். ரெண்டு பெயாரிங், கப், சீல் எல்லாம் புதிசு போட்டு, உள்ளங்கையில கிறீஸ வச்சு ரோலர் எல்லாத்துக்குள்ளயும் ஏறுமட்டும் அடிச்சன், அம்மா பாத்துட்டு “இதென்னடா புட்டுக்கு மாக் குழைக்கிறியா” எண்டு கேட்டா.

வலது பக்கம் காக்கா சொன்னதேதான். தராசக் கொழுவினா 9 கிலோவுக்கும் அசையல்ல. லொக் வாஷர் நாக்கு ஒண்டும் மடிக்கல்ல. நல்ல காலம் பெயாரிங் நிறம் மாறல்ல, கழுவி புதுக் கிறீஸ் போட்டு நாலரைக் கிலோவுல நிப்பாட்டினன்.

நேத்து கல்முனைக்குப் போய் வந்தன், 70லயும் றேடியோ கேக்குது. ரெண்டு ஹப்பும் ஒரே மாதிரி லேசான சூடு.

செங்கலடி ரைவர்:
100 கிலோமீட்டர் ஓடின பிறகு ஒருக்கா ஜக் அடிச்சு ஆட்டிப் பாருங்க தம்பி, புதுக் கப் கொஞ்சம் இருந்து குடுக்கும்.

வெல்லாவெளிப் பொடியன்:
சரி அண்ண, பாக்கிறன். ஒண்டு சொல்ல மறந்திட்டன், வட்டைக்குள்ள ஃபோர்வீல் போட்டு ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா இடப்பக்கம் ‘டிக் டிக் டிக்’ எண்டுது. முன்னமே இரிந்திச்சோ தெரியல்ல, அந்த இரைச்சலுக்குள்ள கேட்டிரிக்காது.

கல்முனை பாஸ்:
அது அச்சு முனையில இரிக்கிற சிவி மூட்டு, பெயாரிங் இல்ல. முழுசா ஒடிச்சு வச்சுக்கு ஆக்ஸிலேட்டர மிதிக்காம ஓடுங்க, றோட்டுக்கு ஏறினா ஹப்ப ஃப்ரீயில போடுங்க. வெள்ளாமை வெட்டி முடியக் கொண்டு வாங்க, திறந்து பாப்பம். வரக்குள்ள அந்தச் சொக்கட்டையும் கொண்டு வாங்க, என்டத ஒராள் இரவல் வாங்கி ஆறு மாசம்.