சோழர் கோயில் பயணம்: ஒரே வேனில் பரிகாரக் கோஷ்டியும் சிற்பக் கோஷ்டியும், எப்படிச் சமாளிப்பது?

வேன்_பொறுப்பாளர்:
வணக்கம். ஜனவரியில் எங்கள் அடுக்ககத்தில் இருந்து 22 பேர் கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் போவதாகப் பேச்சு. ஏற்பாடு என் தலையில் விழுந்திருக்கிறது. சனி விடியற்காலை சென்னையில் கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்ப வேண்டும். என் ஆசை மூன்றே கோயில்தான்: தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம். வாட்ஸப் குழுவில் இதைப் போட்டதுதான் தாமதம், பட்டியல் நீள ஆரம்பித்துவிட்டது. ஒரு மாமி திருநாகேஸ்வரத்தில் ராகு கால அபிஷேகம் பார்க்காமல் வரமாட்டேன் என்கிறார், இன்னொருவர் அவ்வளவு தூரம் போய் ஒன்பது நவக்கிரகத்தையும் முடிக்காமல் வருவதா என்கிறார், வேறொருவருக்குத் திருவையாற்றில் நடக்கும் தியாகராஜர் ஆராதனையும் வேண்டுமாம். 70 தாண்டியவர்கள் ஐந்து பேர், பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேர் வருகிறார்கள். யாராவது இப்படிக் கூட்டிப் போயிருந்தால் வழி சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
முதலில் ஒன்பது கிரகம் என்ற பேச்சை எடுத்துவிடுங்கள் சார். திருநள்ளாறு காரைக்காலில், திருவெண்காடும் கீழப்பெரும்பள்ளமும் பூம்புகார் பக்கம். அதையெல்லாம் சேர்த்தால் இரண்டு நாளும் வேனுக்குள்ளேயே போய்விடும். மதியம் 12, 12.30-க்கு நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் ஒரு நாளில் உங்கள் கையில் இருப்பது காலையில் ஒரு பொழுது, மாலையில் ஒரு பொழுது, அவ்வளவுதான்.

சென்னையில் இருந்து வருகிறவர்கள் பலர் நேரே தஞ்சாவூருக்கு ஓடுகிறார்கள். நீங்கள் விக்கிரவாண்டி, பண்ருட்டி, நெய்வேலி வழியாக வந்தால் கொள்ளிடத்தைத் தாண்டுவதற்கு முன்பே கங்கைகொண்ட சோழபுரம் வந்துவிடும். நாலரைக்கு வண்டியை எடுத்தால் பத்தரைக்குள் அங்கே நிற்கலாம். கூட்டம் பெரிய கோயில் அளவுக்கு இருக்காது, சுற்றிப் புல்வெளி, பிள்ளைகள் ஓடலாம், அந்தச் சிம்மக் கிணறு ஒன்றே அவர்களுக்குப் போதும். அப்புறம் அணைக்கரை வழியாகக் கும்பகோணம், சாப்பாடு, பெரியவர்களுக்கு ஒரு தூக்கம், 4 மணிக்குத் தாராசுரம். அது ஊரை ஒட்டியே இருக்கிறது.

கல்வெட்டுக்கிறுக்கன்:
காவிரிக்கரை சொன்ன வரிசை சரி. ஆனால் தாராசுரத்தை அரை மணியில் முடித்துவிடாதீர்கள், என்னைக் கேட்டால் மூன்றில் அதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில், உயரத்தில் மற்ற இரண்டோடு போட்டி போடாது, நுணுக்கம் அத்தனையும் கண் மட்டத்திலும் அதற்குக் கீழேயும் இருக்கிறது. கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் கையகலப் பலகைகளில் அறுபத்துமூவர் கதை வரிசையாக ஓடுகிறது, குனிந்து பார்த்தால்தான் தெரியும். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. யானை உடம்பைக் கையால் மறைத்தால் காளை, காளை உடம்பை மறைத்தால் யானை. அதை எங்கே என்று சொல்லாமல் பிள்ளைகளையே தேடவிடுங்கள்.

பெரிய கோயிலில் வழிகாட்டி வைத்தால், விமானத்தின், அதாவது கருவறைக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று ஆரம்பிக்கிறாரா என்று பாருங்கள். ஆரம்பித்தால் நிழலைக் காட்டிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள், நன்றாகவே விழும்! 1010-ல் கட்டி முடித்த கோயிலைப் பற்றிச் சொல்ல உண்மையே எவ்வளவோ இருக்கிறது. நாம் கொடுத்தவையும், அக்கன் கொடுத்தவையும், நம் பெண்டுகள் கொடுத்தவையும், மற்றவர்கள் கொடுத்தவையும் கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் சொன்ன கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. அக்கன் என்றால் அவருடைய அக்கா குந்தவை. 400 தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயில் ஆடல் மகளிரின் பெயரும், யாருக்கு எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் அதே கோயில் கல்வெட்டில் வரிசையாக இருக்கிறது. இதைப் பத்து நிமிடம் சொல்லிவிட்டு எல்லோரையும் அவிழ்த்துவிடுங்கள். 22 பேரை ஒரு மணி நேரம் நிற்கவைத்து விளக்கம் சொன்னால் பாதிப் பேர் கைப்பேசியில் இருப்பார்கள். உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பொதுவாக எல்லோருக்கும் திறந்துவிடுவதில்லை, அதை முன்பே சொல்லிவிட்டால் அங்கே போய் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சும்மாபடிப்பவள்:
ரெண்டு பேரும் மாமியை மறந்துவிட்டீர்களே. அவருக்கு அது சுற்றுலா இல்லை, வேண்டுதல். 22 பேர் என்றால் எப்படியும் ஒரு பெரிய வேன் தேட வேண்டும், அதற்குப் பதில் இரண்டு சின்ன வேனாக எடுங்கள் அண்ணா. ஞாயிறு காலை ஒன்று தஞ்சாவூர் போகட்டும், மற்றது சூரியனார் கோயில், கஞ்சனூர், ஆலங்குடி என்று கும்பகோணத்தைச் சுற்றி இருப்பதை முடிக்கட்டும். மதியம் கும்பகோணத்தில் சேர்ந்துகொள்ளலாம். ஞாயிறு ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை, திருநாகேஸ்வரம் கும்பகோணத்தில் இருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் அந்த நேரத்தில் கூட்டம் நெரியும். அது முடிந்து கிளம்பினால் சென்னை சேர நள்ளிரவு தாண்டிவிடும், திங்கள்கிழமை வேலைக்குப் போகிறவர்களிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய காலுறையை எல்லோரையும் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஜனவரி வெயில்தானே என்று நினைக்க வேண்டாம், பத்தரை, பதினொன்றுக்கே கல் தளம் சுடும், விரித்திருக்கும் தேங்காய்நார்ப் பாயை விட்டு இறங்கினால் பெரியவர்கள் தவித்துப்போவார்கள்.

காவிரிக்கரை:
திருவையாற்றை இதோடு சேர்க்க வேண்டாம். ஆராதனை தேதி புஷ்ய பகுள பஞ்சமி என்ற தேய்பிறைத் திதிக்கு வருவது, உங்கள் சனி ஞாயிறுக்காகக் காத்திருக்காது. தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் காலையில் பாடுவார்கள், பந்தலில் தரையில் உட்கார இடம் வேண்டும் என்றால் வெகு முன்பே போக வேண்டும். நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீ ராகத்தில் முடியும் வரை ஐந்து கீர்த்தனையும் உட்கார்ந்து கேட்கிறவர்கள் உங்கள் 22 பேரில் எத்தனை பேர்? அவர்கள் மட்டும் தனியாக ஒரு தடவை வரட்டும்.

வேன்_பொறுப்பாளர்:
இரண்டு வேன் யோசனையைக் குழுவில் போட்டேன், மாமி உடனே கட்டைவிரல் தூக்கிவிட்டார். திங்கள் விடுப்பு கிடைக்காதவர்கள் நாலு பேர், அவர்கள் தஞ்சாவூர் வேனில் போய் அங்கிருந்தே மதியம் ரயிலோ பஸ்ஸோ பிடிக்கிறார்களாம். ஆராதனையைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன், ஒருவர் மட்டும் இன்னும் கோபமாக இருக்கிறார். கல்வெட்டுக்கிறுக்கன் சார், அந்தப் பத்து நிமிடப் பேச்சை நானே பேச வேண்டியிருக்கும் போல, குந்தவை கதையை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுவீர்களா?