கிடப்பில் போட்ட எஸ்-200 மறுபடி எழுந்தது எப்படி?

கேள்வி: சோவியத் விட்டுச்சென்ற எஸ்-200 வான் பாதுகாப்பு ஏவுகணைகளை உக்ரைன் 2013-இல் ஓய்வுக்கு அனுப்பியது. அப்புறம் போரில் மறுபடி ஏவினார்கள். பழசை நம்பலாமா?

பதில் 1: நம்பலாம், உழைத்தால். விமானப்படையில் பெச்சோரா என்ற பழைய சோவியத் வான் பாதுகாப்பு ஏவுகணைப் பிரிவில் இருந்தவன் நான். ஏவுகணையைவிட ரேடார் கேபிள்கள்தான் படுத்தும். கனெக்டரைக் கழற்றினால் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ரப்பர் வாஷர் தொட்டதும் பொடியாகும். ஒவ்வொரு பின்னையும் சுரண்டித் துடைத்து, மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்போம். ஒரு கேபிளுக்கே அரை நாள் போய்விடும்.

பதில் 2: எஸ்-200-இல் இன்னொரு தலைவலி, திரவ எரிபொருள். கூடவே அதை எரியவைக்கும் நைட்ரிக் அமிலம், உலோகத்தையே அரிக்கும்.

பதில் 3: உக்ரைனிடம் 'புக்' (Buk) என்ற சோவியத் வான் பாதுகாப்பு ஏவுகணைகள் குறைந்தபோது அதே லாஞ்சரில் அமெரிக்க சீ ஸ்பாரோ ஏவுகணையைப் பொருத்தினார்கள்.

பதில் 1: அந்த டெக்னீஷியன்கள் கையைப் பிடித்துக் கும்பிடலாம்.