வருமானம் உயரும்போது விசுவாசி எதை முதலில் வைக்க வேண்டும்?

தாமிரபரணி (கேள்வி)

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். அண்மையில் பணி உயர்வு கிடைத்து, என் சம்பளம் ஏறக்குறைய இரு மடங்காகியுள்ளது. நான் செல்லும் சபையில் இதைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். விசுவாசத்தோடு காணிக்கை விதைத்தவனுக்குக் கர்த்தர் செல்வத்தைத் தருவார் என்பதற்கு நானே அத்தாட்சி என்று போதகர் அறிவித்தார். என்னைவிட ஆழ்ந்த ஜெப வாழ்வு உள்ள ஒரு விதவைத் தாயார் வீட்டு வாடகை கொடுக்க வழியின்றி அதே ஆராதனையில் அமர்ந்திருந்ததால், எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. என் பெரியப்பாவோ, ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பது அரிது என்னும் வசனத்தைக் காட்டி, பணம் சேர்ப்பதே பாவம் என்கிறார். வேதம் உண்மையில் எதைக் கேட்கிறது?

வேத மாணவன்

சகோதரரே, ஐசுவரியத்தைச் சம்பாதிக்கப் பெலன் தருகிறவர் கர்த்தர் என்னும் உபாகமம் 8:18 வசனத்தைச் செழிப்பு உபதேசம் செய்கிறவர்கள் அடிக்கடி எடுத்தாள்கிறார்கள். ஆனால் அந்த அதிகாரம் முழுவதும், நல்ல வீடுகளைக் கட்டிக் குடியிருந்து, வெள்ளியும் பொன்னும் பெருகும்போது, 'என் கைப்பலமே இதைச் சம்பாதித்தது' என்று எண்ணித் தேவனை மறந்துவிடாதே என்னும் எச்சரிப்பாகவே அமைந்திருக்கிறது. செல்வம் விசுவாசத்தின் அளவுகோல் என்றால், கொடிய தரித்திரத்திலிருந்து எருசலேமின் ஏழைகளுக்கு வாரிக் கொடுத்த மக்கெதோனியா சபைகளைப் பவுல் 2 கொரிந்தியர் 8இல் எப்படிப் புகழ்ந்திருக்க முடியும்?

உங்கள் பெரியப்பா காட்டும் வசனத்தையும் இலேசாக எண்ணிக் கடந்துவிடக் கூடாது. அந்த வசனம், இயேசுவிடம் வந்த ஐசுவரியமுள்ள ஒரு வாலிபனின் சம்பவத்தில் வருகிறது. அந்த வாலிபனை இயேசு அன்புடன் பார்த்த பிறகுதான் அவனுக்கு உண்டான எல்லாவற்றையும் விற்றுத் தரித்திரருக்குக் கொடுக்கச் சொன்னார் என்று மாற்கு எழுதுகிறார். ஆயினும் வரி வசூலிப்பவனான சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் சொன்னபோது, மீதியையும் கொண்டுவா என்று ஆண்டவர் கேட்கவில்லை. இயேசுவைப் பின்பற்றிய பெண்களான யோவன்னாளும் சூசன்னாளும் தங்கள் ஆஸ்திகளால் அவருக்கு ஊழியம் செய்தார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்ட தொகை வேறுபடுகிறது. எஜமான் தேவனா, பணமா என்ற கேள்வியில் மட்டும் அவர் எவருக்கும் விலக்கு அளிக்கவில்லை.

மலையோரம்

நடைமுறைக்கு, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலப் போதகர் ஜான் வெஸ்லியின் வாழ்க்கை மிகவும் உதவும். ஆண்டுக்கு 30 பவுண்டு வருமானம் வந்தபோது 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்த ஒருவர், வருமானம் 60, 90, 120 என்று உயர்ந்த ஆண்டுகளிலும் அதே 28 பவுண்டில் வாழ்ந்து மீதியையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்ததாக அவர் ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். அந்த ஒருவர் அவரேதான் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. போதும் என்னும் எல்லையை, கூடுதல் பணம் கைக்கு வருமுன்பே வகுத்துவிட்டதே அதில் நான் கற்ற பாடம். வந்தபின் வகுக்க முயன்றால், ஆசை தனக்கேற்ற நியாயங்களைத் தேடிக்கொள்ளும்.

அவருக்கு இதில் பெரும் கவலையும் இருந்தது. பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் பிறப்பிக்கிறது, அவை செல்வத்தைப் பிறப்பிக்கின்றன, செல்வமோ பக்தியைக் குலைக்கிறது என்று 1786இல் எழுதினார். இயன்றவரை சம்பாதியுங்கள், இயன்றவரை சேமியுங்கள், இயன்றவரை கொடுங்கள் என்று அவர் போதித்த மூன்றில், முதல் இரண்டையும் கைக்கொண்ட தம் மக்களில் மிகச் சிலரே மூன்றாவதையும் செய்தார்கள் என்பதை 1791இல் மரிக்குமுன் கடிந்துகொண்டார்.

ஒலிவமரம்

மலையோரம் ஐயா சொன்னது அருமை. ஆனாலும் அந்த 28 பவுண்டு கணக்கு, கல்லூரி உதவித்தொகையில் வாழ்ந்த மணமாகாத ஒருவருடையது. பிள்ளைகளும் முதிய பெற்றோரும் உள்ளவர், தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்னும் 1 தீமோத்தேயு 5:8ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும். தேவனுக்குக் காணிக்கை கொடுத்தேன் என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு மாற்கு 7இல் கடுமையாகக் கண்டித்தார்.

காணிக்கை யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதையும் கேட்டேயாக வேண்டும். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, என்றதும் அதைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10 மட்டுமே பிரசங்கிக்கப்படுகிறது. மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஆலயப் பணி செய்யும் லேவியனோடுகூட பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைவதற்கானது என்று உபாகமம் 14 கட்டளையிடுகிறது. அந்த விதவைத் தாயாரின் வாடகை இதற்கு வெளியே உள்ள விஷயம் அல்லவே.

தாமிரபரணி

உங்கள் அனைவருக்கும் நன்றி. இன்னும் ஒரு சந்தேகம்: வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் படிப்புக்கான சேமிப்பு ஆகியவை இயேசுவின் உவமையில் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய மதிகேடனின் செயலாகுமா?

வேத மாணவன்

ஆகாது என்றே கருதுகிறேன்; கோடைகாலத்தில் ஆகாரத்தைச் சேர்க்கும் எறும்பினிடத்தில் கற்றுக்கொள்ள நீதிமொழிகள் 6 சொல்கிறது. லூக்கா 12இல் வரும் அந்த மனிதன், தேவையெல்லாம் நிறைந்த பின்பும், விளைச்சலில் பிறருக்கும் பங்கு உண்டு என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள கப்பத்தோக்கியாவைப் பஞ்சம் வாட்டியபோது, அங்கே ஊழியம் செய்த செசரியாவின் பசிலியு இதே உவமையைப் பிரசங்கித்து, நீ பூட்டி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது என்று தானியம் பதுக்கியவர்களிடம் நேருக்கு நேர் சொன்னார். ஆகவே படிப்புக்கும் முதுமைக்கும் எவ்வளவு தேவை என்பதை உங்கள் மனைவியோடு அமர்ந்து ஜெபத்தோடு கணக்கிடுங்கள். அந்தத் தொகை நிறைந்த பின்பு வருகிற பணம் யாருக்குப் போகும் என்பதையும் அதே நாளில் எழுதி வையுங்கள்; பெரிய வீட்டைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.