பதினாறா, பதினெட்டா: ஓர் இளையோர் நாவலும் நம் மலையில் கேட்கும் பாட்டுகளும்

கட்டபெட்டு வாசகன்:

குன்னூரிலிருந்து எழுதும் ‘மூடுபனி’ என்பவர், தமக்குப் பிடித்த நாவல்களையும் பாட்டுகளையும் பற்றி நேற்று எழுதிய குறிப்பில் ஒரு தீர்ப்பையும் வழங்கியிருக்கிறார். “‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை எஸ். இ. ஹிண்டன் 16 வயதில் எழுதினார். அதனால்தான் அதில் பொய் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் இளையோருக்காக எழுதுவதும் இசையமைப்பதும் வெறும் மாறுவேடப் போட்டி” என்பது அத்தீர்ப்பு. நாற்பதை எப்போதோ தாண்டியவன் என்பதற்காக நான் இதை மறுக்கவில்லை. கழித்தல் கணக்குத் தெரிந்தவன் என்பதற்காக மறுக்கிறேன். அமெரிக்க எழுத்தாளரான ஹிண்டன் 1948 ஜூலையில் பிறந்தவர். வைக்கிங் பதிப்பகம் அந்நாவலை 1967 ஏப்ரலில் வெளியிட்டது. கழித்தால் 18 வருகிறது. பதினெட்டு வயதில் ஒருவர் வாக்களிக்கும் உரிமை பெற்ற முழு மனிதர். அவரைச் சிறுமியாக்கி, அந்தச் சிறுமியைத் தடியாக்கி, வயதானவர்களை அடிப்பது எந்த ஊர் நியாயம்?

‘பொன்னியின் செல்வன்’ தொடரைக் கல்கி தொடங்கிய 1950-இல் அவருக்கு வயது 51. அந்த வந்தியத்தேவனைப் பதின்மூன்று வயதில் படித்துவிட்டு, தாமும் ஒரு குதிரை மீது இருப்பதாக நினைத்துக்கொண்டு கோத்தகிரிச் சாலையில் நடந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களெல்லாம் மாறுவேடப் போட்டியைப் பார்த்து ஏமாந்தவர்களா என்பதை மூடுபனி அவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றாக இருக்கும்.

மூடுபனி:

ஐயா, நான் “எழுதினார்” என்று எழுதினேன். நீங்கள் “வெளியிட்டது” என்று கணக்குப் போடுகிறீர்கள். டல்சா நகரத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே, தம் பள்ளியில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் பிரிந்து நின்று அடித்துக்கொள்வதைக் கண்டு ஹிண்டன் அதை எழுதினார். நாவலின் பெரும்பகுதி 16 வயதில் எழுதப்பட்டது. அச்சகம் எடுத்துக்கொண்ட காலத்தை எழுதியவரின் வயதில் சேர்ப்பது உங்கள் ஊர் வழக்கமாக இருக்கலாம்.

கதை சொல்லும் போனிபாய்க்கு வயது 14. அவனும் அவன் நண்பன் ஜானியும் ஊரைவிட்டு ஓடி, பாழடைந்த தேவாலயத்தில் ஒளிந்துகொண்டு விடியலைப் பார்க்கும் இடத்தை நான் படித்தபோது என் காதில் யுவன் சங்கர் ராஜாவின் இசை ஒலித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு அந்த இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை. யுவனும் 16 வயதில் இசையமைக்க வந்தவர். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்த வயதில் செய்யப்பட்ட ஒன்று அந்த வயதில் இருப்பவரை வந்து தொடுகிறது. பெரியவர்கள் எழுதிய இளையோர் நாவல்களில் கடைசி மூன்று பக்கங்களுக்குள் ஒரு தாத்தா நுழைந்து அறிவுரை சொல்லிவிடுகிறார்.

கேத்தி ரயிலடி:

இருவரும் தவறு. ஹிண்டன் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. மேலும் 1967-இல் 18 வயதினருக்கு வாக்குரிமை கிடையாது. அமெரிக்காவில் 1971 வரையிலும் நம் நாட்டில் 1989 வரையிலும் அந்த வயது 21 ஆகவே இருந்தது. கணக்குத் தெரிந்தவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்பவர் இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்று. கட்டபெட்டு வாசகன் இன்று இவ்வளவு உறுதியோடு விவாதிக்கும் அந்த நாவல் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பது அவருக்கும் எனக்கும் தெரியும்.

கட்டபெட்டு வாசகன்:

வாக்குரிமை ஓர் எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டைத் தாக்குபவரிடம் வாதம் இல்லை என்று பொருள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: புத்தகம் வெளிவந்தபோது வயது 18-ஆ, இல்லையா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல இந்த மலையில் ஆள் இல்லையா?

யுவனைப் பற்றியும் அதே மயக்கம். அவர் பிறந்தது 1979. அவர் இசையமைத்த முதல் படமான ‘அரவிந்தன்’ வெளிவந்தது 1997. கழித்துப் பாருங்கள், மறுபடியும் 18. மூடுபனி அவர்களுக்குப் பிடித்த எல்லாரும் பதினாறிலேயே நின்றுவிடுகிறார்கள். மார்க்கண்டேயன் ஒருவனுக்கு மட்டுந்தான் அந்த வரம் கிடைத்தது என்று நினைத்திருந்தேன்.

அவர் தம் குறிப்பில் உருகி உருகி எழுதியிருந்த ‘நினைத்து நினைத்துப் பார்த்தேன்’ பாட்டையே எடுத்துக்கொள்வோம். ‘7ஜி ரெயின்போ காலனி’ வெளிவந்த ஆண்டு 2004. அப்போது யுவனுக்கு 25 வயது. அந்தப் பாட்டின் சொற்களை எழுதிய நா. முத்துக்குமார் 1975-இல் பிறந்தவர், ஆகவே அவருக்கு 29. இளமையின் வலி முழுவதும் அதில் இருப்பதாக மூடுபனி சொல்கிறார். இருபத்தொன்பது வயதுக்காரர் ஒருவர் அந்த வலியை எழுதலாம் என்றால் ஐம்பத்தொரு வயதுக்காரர் ஏன் எழுதக் கூடாது? எந்த வயதில் கதவு மூடப்படுகிறது என்று நாள், நட்சத்திரத்தோடு சொல்லட்டும்.

கேத்தி ரயிலடி குறிப்பிடும் புத்தகத்தை நான் திருப்பிக் கொடுத்தாயிற்று.

சேரம்பாடி:

பதினைந்து, பதினாறு, பதினெட்டு என்று ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அந்த நாவலில் பாட்டைப் பற்றியே ஓர் இடம் இருக்கிறது. பாட்டையும் நாவலையும் பற்றிப் பேசும் இத்தனை பேரில் ஒருவரும் அதைத் தொடவில்லை. பணக்காரப் பையன்கள் பீட்டில்ஸ் குழுவின் பாட்டைக் கேட்கிறார்கள், பாடகர் எல்விஸ் பழையவர் என்று ஒதுக்குகிறார்கள். கிழக்குப் பக்கத்து ஏழைப் பையன்களுக்கு எல்விஸ்தான் எல்லாம், பீட்டில்ஸைக் கண்டாலே பிடிக்காது. இரு பக்கத்தாருக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதானோ என்று போனிபாய்க்கு அந்த இடத்தில் தோன்றுகிறது. எனக்கு அந்த நாவலில் மறக்க முடியாத இடம் அதுதான்.

ஏன் என்றால், எங்கள் குடும்பம் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பேரில் கண்டிச் சீமையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனமான டேன்டீயின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியேறிய குடும்பம். லயத்தில் இலங்கை வானொலிதான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். அப்துல் ஹமீது நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி வரும் நேரத்தில், தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையை எவ்வளவு அடித்தாலும், பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உதகை, குன்னூர் விடுதிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் கோடை விடுமுறையில் தோட்ட பங்களாவுக்கு வருவார்கள். அவர்களிடம் காதில் மாட்டும் கருவி இருந்தது, ஆங்கில நாவல் இருந்தது, எங்கள் பாட்டைக் கேட்டுச் சிரிக்கும் வாயும் இருந்தது. இந்த நாவலைக் கையில் வைத்திருந்தவர்களும் அவர்கள்தான். கிழக்குப் பக்கத்துப் பையன்களின் கதையை மேற்குப் பக்கத்துப் பிள்ளைகள் படித்து அழுதுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதை மூடுபனி அவர்களின் கனிவான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

மூடுபனி:

நான் விடுதிப் பள்ளியில் படித்தவள் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். பாட்டைக் கேட்டுச் சிரித்தவர்களின் கணக்கை என் பெயரில் எழுத வேண்டாம்.

கட்டபெட்டு ஐயாவுக்கு: “எழுதினார்.” மறுபடியும் சொல்கிறேன், “எழுதினார்.” 16.

கேத்தி ரயிலடி:

யுவன் ஆகஸ்ட் 31 அன்று பிறந்தவர். ‘அரவிந்தன்’ அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆகவே வெளிவந்த கணக்கிலும் 17. கழித்தல் கணக்கில் மாதத்தைப் பார்க்காதவர் அடுத்தவருக்குக் கணக்குச் சொல்லித்தர வரக் கூடாது. ஹிண்டனுக்கு ஜூலை, ஏப்ரல் என்று மாதம் பார்த்தவர் யுவனுக்கு ஏன் பார்க்கவில்லை? மாதம் பார்த்தால் வேண்டிய எண் வராது என்பதாலா?

சேரம்பாடி பாட்டைப் பற்றிப் பேசியதால் ஒரு செய்தி. பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா 1983-இல் இந்நாவலைப் படமாக்கினார். கலிபோர்னியாவில் ஒரு பள்ளியின் நூலகரும் மாணவர்களும் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டதால் எடுக்கப்பட்ட படம் அது. அதற்கு இசையமைத்தவர் இயக்குநரின் தந்தை கார்மைன் கொப்போலா. 2005-இல் விடுபட்ட காட்சிகளைச் சேர்த்துப் புதிய வடிவம் வெளியிட்டபோது, தந்தையின் இசையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, எல்விஸ் பாட்டு உட்பட அக்காலத்து ராக் பாட்டுகளை மகன் சேர்த்தார். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழையதில் அந்தப் பையன்கள் ஏதோ பழங்காவியத்து வீரர்கள் போலத் தெரிந்தார்கள், புதியதில் தெருவில் நிற்கும் பையன்களாகத் தெரிந்தார்கள்.

புத்தகம் எனக்கு வந்து சேரவில்லை.

கட்டபெட்டு வாசகன்:

கேத்தி ரயிலடி தம்மை அறியாமல் எனக்கு உதவியிருக்கிறார். கார்மைன் கொப்போலா 1910-இல் பிறந்தவர். எழுபதைத் தாண்டிய முதியவர் ஒருவர் பதினான்கு வயதுப் பையனுக்காக இசையமைத்திருக்கிறார். அந்த இசைதான் எனக்குப் பிடித்தது. விடியற்காலைக் காட்சியில் அது எழுந்து வரும்போது, தொட்டபெட்டாவில் மேகம் விலகக் கண்டவர்களுக்கு மட்டுமே புரியக்கூடிய ஒரு விரிவு அதில் இருக்கிறது. புதிய வடிவத்தில் காரை நிறுத்திவிட்டு வானொலியைத் திருகியது போல ஒரு பாட்டு வருகிறது, போகிறது. வயதானவரின் இசையை எடுத்தெறிந்தது மகன் செய்த பிழை.

நம் ஊர் எடுத்துக்காட்டு வேண்டுமா? 2022-இல் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்தபோது ஏ. ஆர். ரகுமானுக்கு வயது 55. ஆடிப்பெருக்கு நாளில் வீர நாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரை மீது வருகிற முதல் அத்தியாயத்தை இப்போது நான் எப்போது திறந்தாலும் ‘பொன்னி நதி’ காதில் ஒலிக்கிறது. நிறுத்த முடியவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக அந்தப் பக்கங்களில் எனக்கென்று நான் வைத்திருந்த குளம்படிச் சத்தம் போயே போய்விட்டது. ஐம்பத்தொரு வயதுக்காரர் எழுதியதும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் இசையமைத்ததும் சேர்ந்து இன்று பள்ளிப் பிள்ளைகளின் வாயில் இருக்கின்றன. மாறுவேடம் என்றால் இப்படித்தான் இருக்குமா?

சேரம்பாடி நண்பரின் துயரத்தை மதிக்கிறேன். ஆனால் எல்விஸ், பீட்டில்ஸ் எல்லாம் இங்கே கிளைக்கதை. கேள்வி ஒன்றுதான். 1967-இல் 1948 போனால் என்ன மீதி?

சேரம்பாடி:

மாதம் பார்க்காமல் கழித்தால் மீதி 19. உங்கள் கேள்விக்கு உங்கள் முறையிலேயே விடை சொல்லியிருக்கிறேன்.

துயரம் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குக் கிளைக்கதையாக இருப்பது எங்களுக்குக் கதை. குதிரை மீது போவதாக நினைத்துக்கொண்டு கோத்தகிரிச் சாலையில் நடக்க உங்களுக்கு நேரம் இருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பையன்கள் பள்ளி விட்டதும் அம்மா கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய்ச் சாக்குத் தூக்கினார்கள். அவர்களுக்கு 16 வயதில் ஒருவர் எழுதினால் என்ன, 60 வயதில் ஒருவர் எழுதினால் என்ன? லயத்தைப் பற்றி எழுதினாரா என்று கேளுங்கள்.

மூடுபனி:

கட்டபெட்டு ஐயா, ‘பொன்னி நதி’ உங்களுக்குச் சான்றா, குறையா? ஒரே பத்தியில் அந்தப் பாட்டு உங்கள் குளம்படிச் சத்தத்தைத் திருடிவிட்டது என்று அழுகிறீர்கள். அடுத்த வரியில் அதே பாட்டை எனக்கு எதிரான சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். கார்மைன் கொப்போலா விஷயத்திலும் இதே கூத்துதான். முதியவரின் இசை அந்தப் பையன்களுக்குப் பொருந்தவில்லை என்பதால்தானே மகனே அதை மாற்றினார்? நான் சொன்னதை அவரே செய்து காட்டிவிட்டார், அதுவும் அவர் அறுபதைத் தாண்டிய பிறகு.

சேரம்பாடி அவர்களின் கேள்வி எனக்குப் புரிகிறது. லயத்துப் பையன் அல்லது பெண் 16 வயதில் எழுதினால்தான் அந்த நாவல் வரும் என்பதே என் எண்ணமும்.

சேரம்பாடி:

என் கேள்வியைத் தூக்கி உங்கள் பதினாறில் ஒட்டிக்கொள்ள வேண்டாம், அம்மா. பதினாறு வயதில் எழுத லயத்தில் மேசை ஏது?

கேத்தி ரயிலடி:

15.

புத்தகத்தைக் குன்னூர்ப் பேருந்து நிலையத்தில் யாரிடமோ கொடுத்தனுப்பியதாகக் கட்டபெட்டு வாசகன் எனக்குத் தனியே எழுதியிருக்கிறார். அந்த “யாரிடமோ” யார் என்பதை இங்கே எல்லார் முன்னிலையிலும் எழுதினால் நானும் அவருடைய கழித்தல் கணக்கை மதிப்பேன்.

கட்டபெட்டு வாசகன்:

ஒரு நாவலைப் பற்றி நடக்கும் விவாதத்தில் தாள் அட்டைப் பழம்புத்தகம் ஒன்றுக்காக ஒருவர் இவ்வளவு தூரம் இறங்குவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பிரதியில் ஜானியின் கடிதம் வரும் பக்கமே கிழிந்திருந்தது. அது என் கைக்கு வந்தபோதே அப்படித்தான் இருந்தது. அந்தக் கடிதத்தை நான் பிறகு வேறொரு பிரதியில்தான் படித்தேன். அதைப் படித்த இரவில் யுவனும் ஒலிக்கவில்லை, எல்விஸும் ஒலிக்கவில்லை. என் அண்ணன் மகள் திருமணத்துக்குப் பதிவு செய்து வைத்திருந்த நாகசுரம்தான் ஒலித்தது, அது நன்றாகவே பொருந்தியது.

மூடுபனி அவர்களுக்கு: மகன் இசையை மாற்றியது 2005-இல். தந்தை இறந்தது 1991-இல். மறுப்பதற்கு ஆள் இல்லாதபோது செய்யப்பட்ட மாற்றத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சேரம்பாடி நண்பருக்கு: 19 இல்லை, 18, ஜூலை இன்னும் வரவில்லை.

கேத்தி ரயிலடி:

பக்கம் கிழியவில்லை. நான் கொடுத்தபோது அந்தப் பக்கத்தில் பென்சில் கோடு போட்டு வைத்திருந்தேன்.

மூடுபனி:

நாகசுரம் வாசித்தவருக்கு அப்போது என்ன வயது, ஐயா?