திரைவிலகு எல்லை: ‘சிங்க் ஸ்பீடு’ என்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஃப்ளாஷ் ஒளி படம் முழுவதும் விழ வேண்டுமானால் ஷட்டர் நேரத்தை ஓர் எல்லைக்குமேல் குறைக்கக் கூடாது; அந்த எல்லையைத்தான் ஆங்கிலத்தில் சிங்க் ஸ்பீடு என்கிறார்கள். அதற்கு நம் கலைச்சொல் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘ஒத்திசைவு வேகம்’ என்ற சொல்லை நேற்றெல்லாம் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். சொல்லாக்கத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனால் புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர் இதைப் படித்தால் என்ன விளங்கிக்கொள்வார்? எது எதோடு ஒத்திசைகிறது? எதனுடைய வேகம்? முதல் கேள்விக்கு அந்தச் சொல்லில் விடை இல்லை. இரண்டாவதற்கு ‘ஷட்டர் ஓடும் வேகம்’ என்ற தப்பான விடைதான் கிடைக்கிறது. ஏன் தப்பு என்று சொல்கிறேன்.

லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமராக்கள் பெரும்பாலானவற்றில், படத்தைப் பதியும் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் இருக்கும். இவைதான் ஷட்டர். பட்டனை அழுத்தியதும் முதல் திரை மேலிருந்து கீழே ஓடி சென்சாரைத் திறந்துவிடும். குறித்த நேரம் கழித்து இரண்டாம் திரை அதே திசையில் ஓடிவந்து மூடும். ஒரு திரை முனைக்கு முனை போய்ச் சேர ஏறக்குறைய 3 மில்லிநொடி. ஷட்டர் நேரத்தை நாம் 1/60 நொடி வைத்தாலும் சரி, 1/4000 வைத்தாலும் சரி, திரை ஓடுகிற வேகம் ஒன்றேதான். இரண்டாம் திரை எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்புகிறது என்பது மட்டுமே மாறும். 1/60 வைத்தால் முதல் திரை போய்ச் சேர்ந்து, சென்சார் முழுவதும் கொஞ்ச நேரம் திறந்து கிடந்த பிறகே இரண்டாவது கிளம்பும். 1/1000 வைத்தால் முதலாவது பாதி வழி போவதற்குள் இரண்டாவது பின்னாலேயே புறப்பட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு கீற்று மட்டும் சென்சார்மேல் ஊர்ந்து போகும். முழு சென்சாரும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் கணமே அப்போது கிடையாது.

வெயிலிலும் விளக்கொளியிலும் இதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. கீற்று கடந்துபோகும்போது எல்லா வரிகளுக்கும் ஒரே அளவு ஒளி கிடைத்துவிடும். ஃப்ளாஷ் விஷயம் வேறு. கேமராமேல் மாட்டும் சிறிய ஃப்ளாஷ் முழுத் திறனில் அடித்தாலே ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவுக்குத்தான் எரியும். திறனைக் குறைத்தால் 1/10000, 1/20000 என்று இன்னும் சுருங்கிவிடும். அந்தக் கணத்தில் சென்சாரின் எந்தப் பகுதி திறந்திருக்கிறதோ அதில் மட்டுமே ஃப்ளாஷ் ஒளி விழும்.

இதற்கு என்னிடமே ஒரு சாட்சிப் படம் இருக்கிறது. இருண்ட அறையில் நாற்காலியில் உட்காரவைத்து அக்கா மகளை எடுத்தது. ஃப்ளாஷைத் தனியாக ஸ்டாண்டில் வைத்து, தொலைவிலிருந்து ஃப்ளாஷை அடிக்கவைக்கும் சாதாரண ரேடியோ டிரிக்கரால் அடித்தேன். கேமரா தன்னுடைய சொந்த ஃப்ளாஷை மாட்டினால் எல்லையைத் தாண்டவிடாது; இந்த டிரிக்கர் இருப்பதோ அதற்குத் தெரியவே தெரியாது. கவனிக்காமல் 1/500 வைத்துவிட்டேன். முகமும் தோளும் அழகாக வந்திருந்தன. மடியும் கால்களும் கருப்பாகப் போய்விட்டன, யாரோ மையை ஊற்றியதுபோல. இரண்டாம் திரை சென்சாரின் மேற்பகுதியை ஏற்கெனவே மூடியிருந்தது. லென்ஸ் காட்சியைத் தலைகீழாக விழவைப்பதால், சென்சாரின் மேற்பகுதி படத்தில் கீழ்ப்பகுதி. அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. யாராவது கேட்டால் விளக்கத்துக்கு முன்னால் அதைத்தான் காட்டுகிறேன்.

> ஃப்ளாஷ் படத்தில் ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் (அதாவது, திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தால்) முகம் இருண்டுபோகாதா?

நல்ல கேள்வி. எல்லைக்குள் இருக்கும்வரை போகாது. ஒரு படத்துக்குள் இரண்டு ஒளிகள் இருக்கின்றன: அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒளி, நாம் அடிக்கும் ஃப்ளாஷ். முன்னது தொடர்ந்து வந்துகொண்டே இருப்பது; எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோமோ அவ்வளவு சேரும். பின்னது ஒரே கணத்தில் வந்து முடிந்துவிடும். அதன்பிறகு எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் கூடப்போவதில்லை. லென்ஸ் துளை இரண்டுக்கும் பொதுவான வாசல். துளையின் அளவை எஃப் எண்ணால் சொல்வோம்; எண் கூடினால் துளை சிறிதாகும். எஃப் 8 இலிருந்து எஃப் 11க்குச் சுருக்கினால் இரண்டுமே பாதியாகும்.

சன்னலோரம் ஒருவரை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். துளை எஃப் 8, ஃப்ளாஷ் மேனுவலில், அதாவது அதன் திறனை நாமே வைத்து. 1/60இல் சன்னல் வெறும் வெள்ளையாக இருக்கும். 1/125, 1/250 என்று போகப் போக வெளியே வானம் நீலமாகத் துலங்கும். வெளியொளி நாலில் ஒரு பங்காகியிருக்கும். முகத்தில் ஃப்ளாஷ் தந்த ஒளி மூன்று படங்களிலும் அப்படியே இருக்கும். ஃப்ளாஷின் திறனைக் குறிக்கும் வழிகாட்டி எண்ணும் இதையே சொல்கிறது. எண் 40 என்றால், ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 100இல் 5 மீட்டர் தூரத்துக்கு 40ஐ 5ஆல் வகுத்து எஃப் 8. 10 மீட்டருக்கு எஃப் 4. தூரமும் துளையும் உண்டு. ஷட்டருக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஷட்டர் குறுக்கே வருவது ஒரே ஓர் இடத்தில்: திரைகள் முழுவதும் விலகியிருக்க முடியாத அளவுக்கு நேரம் குறுகும்போது. அந்த இடத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

போன வாரம் நான் ‘முழுத்திறப்பு எல்லை’ என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். முழுத்திறப்பு என்றால் லென்ஸ் துளையை எஃப் 1.8க்கு விரியத் திறப்பது என்றே பலரும் எடுத்துக்கொள்வார்கள் என்று அக்கா ஒருவர் சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி. துளையும் ஷட்டரும் ஏற்கெனவே குழம்பிக் கிடக்கும் பாடத்தில் இன்னொரு குழப்பத்தை நாமே உண்டாக்கக் கூடாது.

> ஷட்டருக்கு ‘இமை’ என்று வைத்தால் எல்லாம் அதிலிருந்தே பிறக்குமே?

இமை எனக்கும் பிடித்த சொல். இமைப்பொழுது என்ற பழைய வழக்கும் கைகொடுக்கும். ஆனால் இமை மேலே போய், போன வழியிலேயே திரும்பி வந்து மூடும். நம் ஷட்டரில் ஒன்று விலக, அதே திசையில் இன்னொன்று வந்து மறைக்கிறது. இந்த ஓட்டம் புரியாவிட்டால் கருப்புப் பட்டை புரியாது. ‘திரை’ இதைத் தாங்குகிறது. முன்திரை, பின்திரை என்று பிரிக்கலாம். ஃப்ளாஷ் தொடக்கத்தில் அடித்தால் முன்திரை ஃப்ளாஷ், மூடுவதற்குச் சற்று முன் அடித்தால் பின்திரை ஃப்ளாஷ். இரவில் ஓடும் வண்டியின் விளக்குக் கோடு வண்டிக்கு முன்னால் விழுமா, பின்னால் விழுமா என்பதை முடிவு செய்வது இதுதான்.

ஆகவே என் முன்மொழிவு: திரைவிலகு எல்லை. ‘திரை விலகியது’ என்பது எல்லோர் வாயிலும் புழங்கும் தொடர். தனியாக விளக்க வேண்டியதில்லை. ‘எல்லை’ என்பதால் தாண்டலாம், தாண்டக் கூடாது என்ற பேச்சு இயல்பாக வரும். “என் கேமராவின் திரைவிலகு எல்லை 1/250 நொடி”, “எல்லையைத் தாண்டிவிட்டாய், அதனால்தான் பட்டை விழுந்தது.” இரண்டையும் உரக்கச் சொல்லிப் பார்த்தேன், நாக்கில் இடறவில்லை.

லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இதழ் ஷட்டருக்கு இது பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது நடுவிலிருந்து விரிந்து மூடுவது. எந்த நேரத்தை வைத்தாலும் ஒரு கணமாவது சென்சார் முழுவதும் ஒளிபடும். அதன் திரைவிலகு எல்லை அதன் மிகக் குறுகிய நேரமேதான். 2023இல் சோனி அறிவித்த ஆல்ஃபா 9 மூன்றாம் மாடலில் சென்சாரின் எல்லா வரிகளும் ஒரே சமயத்தில் பதிகின்றன. 1/80000 வரை ஃப்ளாஷ் வேலை செய்கிறது. அங்கே நிஜத் திரை இல்லாவிட்டாலும் சொல் உவமையாக நிற்கும்.

ஃப்ளாஷை ஃப்ளாஷ் என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ‘மின்வெட்டொளி’ என்றால் மின்சாரம் போனதுதான் நினைவுக்கு வருகிறது. ‘மின்னொளி’ எல்லா மின்விளக்குக்கும் பொது.

தொகுப்பில் சேர்க்க வரையறை: “திரைவிலகு எல்லை – ஃப்ளாஷ் அடிக்கும் கணத்தில் சென்சார் முழுவதும் திறந்திருக்கக்கூடிய மிகக் குறுகிய ஷட்டர் நேரம்.” எல்லைக்கு அப்பாலும் ஃப்ளாஷ் விட்டுவிட்டுத் துடித்து, கீற்று ஊர்ந்து முடியும்வரை ஒளி தரும் முறைக்கு ‘துடிப்பு ஃப்ளாஷ்’ என்று வைத்திருக்கிறேன். அதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. அப்படி அடிக்கும்போது ஒளி தொடர்ந்து வருவதுபோலாகி, ஷட்டர் நேரம் முகத்தின் வெளிச்சத்தையும் குறைக்கத் தொடங்கிவிடுகிறது. சொல் அதையும் சுமக்க வேண்டும். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.